கார்க் கதவின் அடியில் பதினாறு ஓட்டைகள்

எங்கள் பக்கத்துக் கார்கள் இன்ஜின் கெட்டுச் சாவதில்லை. அடித்தகரம் அரித்துச் சாகின்றன. பொன்னேரியில் எந்த மெக்கானிக்கும் வண்டியை ஜாக்கியில் தூக்கி, குனிந்து ஒரு முறை பார்த்துவிட்டு, "பழவேற்காடா?" என்று கேட்டுவிடுவார். எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்துக்குக் கிழக்கே கடல், மேற்கே பழவேற்காட்டு ஏரி. இரண்டிலிருந்தும் உப்பு வருகிறது. காலையில் முன்கண்ணாடியில் விரலால் இழுத்தால் கோடு விழும்.

அதனால் இங்கே கார் வைத்திருப்பதற்கென்று சில முறைகள் உண்டு. கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இரண்டு நாள் விட்டுவைத்தால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் நாள் வண்டி நகராது. எனவே யாரும் கைப்பிரேக் போடுவதில்லை. கியரில் நிறுத்தி, படகுக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையில் ஒரு துண்டைச் சக்கரத்துக்கு அடியில் வைப்போம். பேட்டரி முனைகளில் மாதம் ஒரு முறை கிரீஸ் தடவ வேண்டும். தடவாவிட்டால் பச்சையாகப் பூத்துவிடும். மற்ற ஊர்க்காரர்கள் வருடத்துக்கு ஒரு முறை கழற்றும் பிரேக்கை நாங்கள் இரண்டு முறை கழற்றுகிறோம். சைலன்சர் குழாய் இரண்டு மழைக்காலம் தாங்கினால் அது நல்ல குழாய். இன்ஷூரன்ஸ், டயர், ஆயில் என்று எல்லாருக்கும் வரும் செலவோடு இந்த உப்புச் செலவும் எங்களுக்கு உண்டு. யாரும் அதைப் பற்றிப் புலம்புவதில்லை. படகுக்கும் அப்படித்தானே செய்கிறோம்.

இன்னொரு பழக்கம் வெளியூர்க்காரர்களை நின்று பார்க்க வைக்கும். மற்ற இடங்களில் மழை வந்தால் காரைக் கூரைக்குள் விடுவார்கள். எங்கள் தெருவில் மழை வலுத்ததும் எல்லாக் கார்களும் வெளியே வரும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கரிக்கும். அதில் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவது. குடிதண்ணீர் லாரியில் வருகிறது. அதைக் காருக்கு ஊற்றுகிறவர் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. மழைக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. ஒரு கையில் குடையும் மறு கையில் தென்னைநார் பிரஷ்ஷுமாகச் சக்கர இடுக்குகளைத் தேய்த்துக்கொண்டு ஏழு ஆண்களும் ஒரு பெண்ணும் உட்கார்ந்திருப்பதை ஐப்பசியில் வந்தால் பார்க்கலாம். அந்தப் பெண் நான்.

நான் கார் வாங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சென்னையில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் எனக்கு வேலை. பிறர் எழுதி அனுப்பும் செய்திகளைச் சரிபார்த்துத் திருத்துவது. குப்பத்திலிருந்து பொன்னேரி வரை பேருந்து, அங்கிருந்து மின்சார ரயில். இரவு முறைக்கு என்னை மாற்றிய பிறகு, வேலை முடிந்து நான் ஏறும் ரயில் பொன்னேரியைத் தொடுவதற்குள் ஊருக்குக் கடைசிப் பேருந்து போயிருக்கும். நகரத்தில் அறை எடுத்துத் தங்கலாம், இல்லாவிட்டால் வேலையை விடலாம் என்றார்கள். இரண்டும் பிடிக்காமல், மூன்று வருடம் ஓடியிருந்த ஒரு வெள்ளைக் காரை வாங்கி, பொன்னேரி ஸ்டேஷன் வரை நானே ஓட்டத் தொடங்கினேன்.

அதுவரை குப்பத்துக்கு வந்த எல்லா வண்டிகளும் மீன் ஏற்ற வந்தவை. நைனா காரைச் சுற்றி வந்து பின்கதவைத் திறந்து பார்த்தார். என் அப்பாவுக்கு வண்டி என்றால் பின்பக்கம்தான்.

"இதுல இன்னா ஏத்துவே?"

"என்னைத்தான், நைனா."

"ஒன்ன ஒருத்திய ஏத்த இம்மாம் பெரிய டப்பாவா?"

சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஏரிப் பாலம் வரை போய்த் திரும்பும் வரை இறங்கவில்லை.

இப்போது குப்பத்தில் எட்டுக் கார்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் வலை பின்னும் கொட்டகைக்குப் பின்னால் அவை வரிசையாக நிற்கும். பானெட்டுகள் திறந்திருக்கும். வேலை இருப்பவர் வேலை பார்ப்பார், இல்லாதவர் அடுத்தவர் வேலைக்கு யோசனை சொல்வார். எதிர்வீட்டு நண்டு வியாபாரிக்கு அந்தக் கூட்டத்தில் பெரிய வண்டி, பெரிய வாய்.

"லிட்டருக்குப் பத்தொம்பது குடுக்குது," என்றார் ஒரு முறை.

"சும்மா வுடாத. எறக்கத்துல ஆஃப் பண்ணிட்டு வந்தியா?" என்றான் என் தம்பி.

"குப்பத்துல எறக்கம் எங்கடா கீது?"

"அதான் கேக்குறேன். அப்புறம் எப்புடி பத்தொம்பது?"

என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபைபர் படகுகளைப் பழுது பார்ப்பது அவன் தொழில். கரையில் கீற்றுக் கொட்டகை, நான்கு ஆட்கள். முகத்துவாரத்து மணல்திட்டில் மோதி அடிப்பக்கம் பிளந்து வரும் படகைப் பத்து நாளில் திரும்பக் கடலுக்கு அனுப்புவான். அவன் ஒட்டிய இடத்தில் மறுபடி விரிந்ததாக ஒருவரும் வந்து நான் பார்த்ததில்லை. சுண்ணாம்புக்குளத்திலிருந்தும் அவனைத் தேடி வருகிறார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு கோடையில், பாலத்தின் ஓரம் தேங்கியிருந்த ஏரித்தண்ணீரில் கார் இறங்கி ஏறியபோது என் கால்மிதியடி நனைந்தது. தம்பியிடம் சொன்னேன். காரைக் கொட்டகைக்குக் கொண்டுவரச் சொன்னான். படகைப் பார்ப்பது போலவே அதையும் பார்த்தான். சீட்டுகளைக் கழற்றினான், தரைவிரிப்பை உரித்தான், நான்கு பக்கமும் கட்டை கொடுத்துத் தூக்கினான். உள்ளே தண்ணீர் ஊற்றிவிட்டு, கையில் சாக்பீஸோடு அடியில் போய்ப் படுத்தான். படகில் கசிவைக் கண்டுபிடிக்க அதுதான் வழி: உள்ளே ஊற்று, வெளியே எங்கே சொட்டுகிறது என்று பார்.

அடியிலிருந்து அவன் குரல் வந்தது. "யக்கா, ஒன்ன நல்லா ஏமாத்திட்டானுங்க."

"யாருடா?"

"கார் செஞ்சவனுங்க. அடியில பூரா ஓட்டை. நீயே குனிஞ்சி எண்ணு."

குனிந்து எண்ணினேன். டிரைவர் சீட்டுக்குக் கீழே துருப்பிடித்து விழுந்த ஓட்டை ஒன்று, ஒரு ரூபாய் அளவில். அதுதான் மிதியடியை நனைத்தது. அதைத் தவிர நான்கு கதவுகளின் அடி விளிம்பிலும் இரண்டிரண்டு. கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை நீளமாக ஒரு தகரப் பெட்டி ஓடும். ரன்னிங் போர்டு என்பார்கள். அதன் அடியில் பக்கத்துக்கு நான்கு. மொத்தம் பதினாறு. ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டிருந்தான்.

அவன் அடைத்த விதத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பையும் உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்தான். ஃபைபர் நாரை வட்டமாக வெட்டி, ரெசின் பசையில் தோய்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு வைத்தான். காய்ந்த பிறகு மறுபடி தேய்த்து, காரின் வெள்ளைக்கு ஒத்த வெள்ளை கலந்து பூசினான். விரலால் தடவினாலும் மேடு தெரியவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்தார்கள்.

பதினாறும் ஒரே அளவு. இடைவெளியும் ஒரே அளவு. துருப்பிடித்து விழும் ஓட்டை அப்படி வரிசையில் விழாது. இருபது வருடங்களாக அடுத்தவர் எழுதியதன் ஓரத்தில் 'இது ஏன்?' என்று குறித்துத் திருப்பி அனுப்புகிறவள் நான். அன்று கேட்கவில்லை. அடியில் ஓட்டை என்றதும் அடைக்க வேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றியது. நானும் அதே கரையில் வளர்ந்தவள்தான்.

அந்த மழைக்காலத்தில் ஏரி பெருகிச் சாலைமேல் ஓடியது. முதல் கியரில், ஒரே சீராக, அரைச் சக்கரம் தண்ணீரில் நான் கடந்தேன். உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பிதான் கொட்டகைக்கு ராஜா.

"மச்சான், என் வண்டிக்கும் போட்டு வுடு," என்றார் நண்டு வியாபாரி.

"ஒன் வண்டிக்கு ஃபைபர் மேட் பத்தாது. படகுக்கு வாங்குற மாதிரி வாங்கணும்."

வாங்கி வந்தார். ஆறு கார்கள் வரிசையாக வந்தன. கூலி என்று அவன் ஒன்றும் கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு டீ. எட்டாவது காரின் சொந்தக்காரர் மட்டும், புது வண்டி, வாரன்ட்டி போய்விடும் என்று சொல்லி விலகிக்கொண்டார். அவரைக் கோழை என்று கூப்பிட்டார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் பாலத்தில் ஏறும்போதெல்லாம் என் முழங்கால் பக்கம் ஏதோ பின்னால் சரிவது போல ஒரு சத்தம். இறங்கும்போது முன்னால் சரியும்.

"அது பெட்ரோல் டேங்க்குக்கா," என்றான் தம்பி.

"டேங்க் பின்னாடி கீது. சத்தம் என் காலாண்ட வருது."

"அப்ப கியர் பாக்ஸு. வயசாவுதுல்ல வண்டிக்கு."

நண்டு வியாபாரியின் வண்டியில் கதவுக்குள் இருந்த ஸ்பீக்கர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பேசாமல் போயின. உப்பு என்றோம். எதற்கும் உப்பு என்றால் இங்கே யாரும் மேலே கேட்பதில்லை.

சென்ற தை மாதத்தில் காருக்குப் பதினைந்து வயது நிறைந்தது. பதினைந்து ஆன வண்டியைப் பசுமை வரி கட்டி, போக்குவரத்து அலுவலகத்து மைதானத்தில் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்ட வேண்டும். அவர் சரி என்றால் இன்னும் ஐந்து வருடம் ஓடலாம். இல்லை என்றால் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான். நான் ஓய்வு பெற நான்கு ஆண்டுகள் இருந்தன. இன்னொரு கார் வாங்கும் நிலையில் நான் இல்லை. கார் போனால் வேலை போகும். அல்லது குப்பத்தை விட்டு நான் போக வேண்டும். எனக்குக் கிடைத்த தேதிக்கு மூன்று வாரம் இருந்தது.

முன்கூட்டியே ஒரு முறை பார்த்துவிடலாம் என்று பழவேற்காடு பஜாருக்குப் பின்னால் இருக்கும் டிங்கர் பாயிடம் காரைக் கொண்டுபோனேன். தகர வேலையில் அவர் பொன்னேரிக்காரர்களுக்கே யோசனை சொல்கிறவர். தம்பியும் கூட வந்தான், தன் வேலையைப் பாய் பார்க்க வேண்டும் என்று.

பாய் காரைச் சுற்றி வந்தார். வலது பக்க ரன்னிங் போர்டின் முன் உட்கார்ந்து, ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்டினார். டங் என்று கேட்க வேண்டிய இடத்தில் தொப் என்று கேட்டது. ஸ்குரூடிரைவரைத் திருப்பி நுனியை வைத்து அழுத்தினார். அழுத்தினார் என்பதுகூட அதிகம், வைத்தார். கைப்பிடி வரை உள்ளே போயிற்று. வெளியே இழுத்ததும் டீ நிறத்தில் தண்ணீர் அவர் கால்மேல் கொட்டியது.

அவர் நகரவில்லை. தண்ணீர் நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா தங்கச்சி, உள்ள எறா வளக்கிறியா?"

அவர் கதவின் அடி விளிம்பைத் தடவினார். அந்த வழவழப்பை அவருடைய விரல்களும் ரசித்தன என்றே நினைக்கிறேன்.

"யாரு அடச்சது இத?"

"நான்தான் பாய்," என்றான் தம்பி.

"ஷோக்கா அடச்சிருக்க. வேலைன்னா இதான் வேலை. ஆனா இத ஏன் அடச்ச?"

"அடியில ஓட்டை இருந்தா அடைக்காம?"

பாய் எழுந்து கதவுக் கண்ணாடியைப் பாதி இறக்கினார். "இது எறங்குற சந்து கீதே, இது வழியா மழைத்தண்ணி உள்ள போயிக்கினே இருக்கும். ரப்பர் வெச்சாலும் போவும். போனது வெளிய வர்றதுக்குத்தான் கம்பெனிக்காரன் கீழ ஓட்டை வெச்சான். கீழ ஓடுற போர்டுக்கும் அதே கதைதான்."

"படகுல..."

"படகு வேற தம்பி. படகுக்கு மேல தொறந்து கெடக்குது. உள்ள வந்த தண்ணிய டப்பாவால மொண்டு ஊத்துற. இந்தக் கதவுக்குள்ள ஒன் டப்பா போவுமா?"

தம்பி காரையே பார்த்துக்கொண்டு நின்றான். நனைந்திருந்த தரையை ஒரு தரம் பார்த்தான். பிறகு, "டிரில் மிஷின் கீதா பாய்?" என்றான்.

அவனே துளைத்தான். ஒவ்வொரு அடைப்பிலும் டிரில் இறங்கியதும் பழுப்புத் தண்ணீர் கயிறு போல விழுந்தது. நாலாவது கதவு முடிந்தபோது ஷெட் வாசல் முழுவதும் ஈரம்.

பாய் தன் கணிப்பைச் சொன்னார். இன்ஜின் நன்றாக இருக்கிறது, பிரேக் நன்றாக இருக்கிறது. இரண்டு ரன்னிங் போர்டுகளும் போய்விட்டன. இன்ஸ்பெக்டர் தட்டினால் அவர் கையோடு வரும். வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்ற வைக்க வேண்டும். இந்தப் பழைய மாடலுக்குத் தயார்த் தகடு கிடைக்காது, அடித்து உண்டாக்க வேண்டும். "மூணு வாரம் கஷ்டம். முடியாதுன்னு சொல்லல."

காரை ஷெட்டில் விட்டுவிட்டுப் பேருந்தில் திரும்பும்போது நான் கணக்குப் போட்டது என் காரை மட்டும் அல்ல. ஊரில் இன்னும் ஆறு கார்கள் அதே அடைப்போடு நின்றன. தம்பியின் தொழில் அவன் பேரில் ஓடுகிறது. தப்பாக ஒட்டுகிறான் என்று ஒரு சொல் கரையில் பரவினால் படகுகள் வேறு கொட்டகைக்குப் போகும்.

"ஒவ்வொருத்தரா தனியா சொல்லிக்கலாம்டா," என்றேன். "ஞாயித்துக்கெழமை கூட்டத்துல வேணாம்."

ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னான்: "அடைக்கும்போது ஊரக் கூட்டி வெச்சித்தானக்கா அடச்சேன்?"



ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு கார்களும் கொட்டகைக்குப் பின்னால் நின்றபோது டிரில் மிஷினும் நீண்ட வயருமாக வந்தான். எல்லாருக்கும் கேட்கும்படி நடந்ததைச் சொன்னான். தான் அடைத்தது தப்பு, கதவுக்குள் தண்ணீர் நிற்கிறது, இப்போதே திறக்க வேண்டும், எவருடைய தகரமாவது அரித்திருந்தால் அது தன் பொறுப்பு என்று. சுருக்கமாகச் சொன்னான். சாக்குச் சொல்லவில்லை.

நண்டு வியாபாரிதான் முதலில் பேசினார். "அடைக்க டீ வாங்கிக் குடுத்தேன். தொறக்க பிரியாணி கேப்பியா மச்சான்?"

"பிரியாணி நான் வாங்கித் தரேன். மொதல்ல கதவத் தொற."

"என் ஸ்பீக்கரு?"

"அதுக்கும் ஒரு பிரியாணி."

அவர் வண்டியின் முன்கதவிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொட்டியது. அதைப் பார்த்ததும் அவரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டேய், இத்தினி நாளு நான் சரக்கு ஏத்தாமலே லோடு அடிச்சிருக்கேன்டா!" அதோடு இறுக்கம் போய்விட்டது. வாரன்ட்டிக்காரர் அன்று தன் காரைக் கொஞ்சம் முன்னால் தள்ளி நிறுத்தியிருந்தார். அதற்கு அவருக்கு உரிமை இருந்தது. மற்ற கார்கள் புதியவை. ஒன்றுக்கும் பெரிய சேதம் இல்லை. என் கார்தான் வயதானது.

அடுத்த பத்து நாளும் தம்பி கொட்டகையை ஆட்களிடம் விட்டுவிட்டு பாயின் ஷெட்டுக்குப் போனான். வேலை பார்க்க இல்லை, தகரத்தில் அவனுக்குக் கை பழக்கம் கிடையாது. பாய் அவனைப் பிடிக்கச் சொன்னதைப் பிடித்தான், தேய்க்கச் சொன்னதைத் தேய்த்தான். ரன்னிங் போர்டு பின்சக்கரத்தை நெருங்கும் இடத்தில் இரண்டு பக்கமாக வளையும். அந்த வளைவு பாய்க்கு வரவில்லை. இரண்டு தகடு வீணானது. நான் போனபோது மூன்றாவதைத் தூக்கி எறிந்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரே பேஜாரு தங்கச்சி. அளவு கைல நிக்க மாட்டுது."

இன்னும் வெட்டாமல் விட்டிருந்த பழைய போர்டைத் தம்பி தடவிக்கொண்டிருந்தான். உள்ளே அழுகியிருந்தாலும் அதன் வெளிவடிவம் அப்படியே இருந்தது. "பாய், இதுமேலயே நான் மோல்டு எடுத்துத் தரட்டா?"

படகுக்கு அப்படித்தான் செய்வார்கள். நல்ல படகின்மேல் மெழுகு தடவி, ஃபைபர் நாரும் ரெசினும் அடுக்கடுக்காக வைத்து உரித்தால் அதன் வடிவம் அச்சாகக் கிடைக்கும். அன்று மாலையே இரண்டு பக்கத்துக்கும் எடுத்தான். மறுநாள் அச்சை மல்லாத்தி வைத்து, அதற்குள் தகட்டைப் போட்டு பாய் மரச்சுத்தியால் தட்டினார். தட்டுவார், எடுத்துப் பார்ப்பார், மறுபடி வைப்பார். பிற்பகலில் தகடு அச்சோடு இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. பாய் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "இத்தினி வருசத்துல எனக்கு இது தோணல பாரு," என்றார். யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

பற்றவைப்பு பாயுடையது. உள்ளே துரு ஏறாமல் இருக்க, கிரீஸை ஆயிலில் கரைத்துச் சூடாக ஊற்றியது தம்பி. புதுத் தகட்டில் ஓட்டை போடும் முறை வந்தபோது பாய் சாக்பீஸை அவன் கையில் கொடுத்தார். பக்கத்துக்கு நான்கு வட்டம் போட்டு, அவனே துளைத்தான்.

காட்டும் நாளில் காலை பத்து மணிக்கு மைதானத்தில் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஐந்து வண்டிகள். இரண்டு திரும்பிப் போயின. இன்ஸ்பெக்டர் இளைஞர், முப்பத்தைந்து இருக்கலாம், வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல். கையில் சின்னச் சுத்தியல். சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்தார்கள். விளக்கு, ஹாரன், வைப்பர். ஓட்டி நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். பிறகு குனிந்து ரன்னிங் போர்டின்மேல் சுத்தியலால் தட்டினார். டங்.

"இங்க வெல்டிங் ஆகியிருக்கு. ஏன்?"

உப்புக் காற்று சார் என்ற பதிலை நான் தயாராக வைத்திருந்தேன். அது பொய் இல்லை. போதுமான பதிலும்கூட. நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி பேசிவிட்டான்.

"என் தப்பு சார். தண்ணி போற ஓட்டைய நான் அடச்சிட்டேன். உள்ள நின்னு அரிச்சிடுச்சி."

ஒரு வாக்கியம் கூடினால் செய்தியே விழுந்துவிடும் என்பது என் தொழிலில் அடிக்கடி பார்ப்பது. இன்ஸ்பெக்டர் அவனை ஏறிட்டுப் பார்த்தார். "ஜாக்கி போடுங்க," என்றார்.

போட்டோம். காரை விட்டு இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னார். மண்ணில் முழங்காலை ஊன்றி, டார்ச் அடித்து, வலது பக்கத்தை முன்னிருந்து பின்வரை தட்டினார். எழுந்து அந்தப் பக்கம் போய் இடது பக்கத்தையும் தட்டினார். திரும்ப வந்து வலது பக்கம் வளைவுக்குக் கீழே மறுபடி தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் என் காது அந்தத் 'தொப்'பை எதிர்பார்த்தது. வரவில்லை. கடைசியில் ஒரு ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

"இது கம்பெனி அளவு இல்லையே."

"பெருசாத்தான் போட்டேன் சார். எங்க ஊர்ல தண்ணியோட மணலும் சேந்து வரும். சின்ன ஓட்டைன்னா அடச்சிக்கும்."

இன்ஸ்பெக்டர் விரலில் ஒட்டிய கிரீஸைக் கைக்குட்டையில் துடைத்தார். "நீங்க டிங்கரா?"

"இல்ல சார். படகு. ஃபைபர்."

"படகா?" என்று கேட்டுவிட்டு அட்டையின்மேல் தாளை வைத்து எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே வளைவு வந்த இடத்தை இன்னொரு முறை பார்த்தார். "அஞ்சு வருஷம்மா. உள்ள போய் கையெழுத்துப் போடுங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். தம்பி வேப்பமரத்தடியில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றான். நண்டு வியாபாரியின் குரல் எனக்கே கேட்டது.

"இன்னா மச்சான், பாஸா?"

"ரெண்டு பக்கமும் தட்டிப் பாத்தாரு," என்றான் தம்பி. "நம்ம வளைவ ரெண்டாந்தரம் தட்டுனாரு."

"டேய், பாஸா இல்லியா சொல்டா!"

"அட, பாஸுதான்," என்றான், அது ஒரு பெரிய விஷயமே இல்லை என்பது போல. பிறகு அவர் எங்கெங்கே தட்டினார் என்று முன்சக்கரத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தான். நான் காருக்குள் உட்கார்ந்து அவன் முடிக்கும் வரை காத்திருந்தேன்.